குழாய்க்குள் இரவெல்லாம் நின்ற தண்ணீர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஜி.ஐ. குழாய்களுக்கு முப்பது வயது. காலையில் முதலில் திறந்தால் செந்நிறமாக வரும் தண்ணீர் சற்று நேரத்தில் தெளிந்துவிடுகிறது. மேல்தொட்டியைக் கழுவியும் பயனில்லையே, ஐயா?

பதில்: கோளாறு தொட்டியில் இல்லை, குழாயில் இருக்கிறது. ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு கரைந்து தீர்ந்ததும் இரும்பு துருப்பிடித்து, இரவெல்லாம் அசையாமல் நிற்கும் தண்ணீரில் கலக்கிறது. இத்தகைய முக்கால் அங்குலக் குழாய் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, துருக்கட்டிகள் அடைத்துக்கொண்டு, பென்சில் நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருந்தது. இப்படித் தண்ணீரில் கலக்கும் இரும்பு சுவையையும் வெள்ளைத் துணியையும் கெடுக்குமே தவிர, பெரும்பாலும் உடலுக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் துரு குளோரினைத் தின்றுவிடும், கிருமிகள் ஒட்டிக்கொள்ளவும் இடம் தரும்; ஆகவே குழாயை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தெளிந்த தண்ணீரில் ஈயம் இருக்குமா? கொதிக்கவைத்தால் போய்விடுமா?

பதில்: இருக்கலாம், அதற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. இயந்திரத்தில் கடைந்து வடிவமைக்க எளிதாக இருக்கும் என்று குழாய்த் திறப்பான்களின் பித்தளையில் ஈயம் சேர்ப்பதுண்டு; குழாய் இணைப்புகளின் பழைய பற்றவைப்பிலும் அது இருக்கும். கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும், ஈயம் அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயத்தை ஏற்பதில்லை. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014-இல் ஆற்றுநீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காமல் விட்டதால், பழைய ஈயக் குழாய்களின் உட்படிவம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால் இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். காலையில் முதலில் வரும் தண்ணீரைத் தரை துடைக்க ஒதுக்குங்கள். சமையலுக்கு கீசர் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், சூடான நீர் உலோகத்தை அதிகம் கரைக்கும்.

கேள்வி: செம்புக் குழாய் போட்டபின் வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை படிகிறது. ஏன்?

பதில்: உங்கள் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டதாக இருக்கலாம், பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே இருந்தால் செம்பு எளிதில் கரையும். ஆர்.ஓ. நீரும் உலோகத்தை அரிக்கும் என்பதால் அதைச் செம்புக் குழாயில் விடாதீர்கள்.

கேள்வி: குழாய்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: வீட்டில் எவரும் குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு புட்டியும், ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் இன்னொரு புட்டியும் பிடியுங்கள். முதலாவதில் உலோகம் கூடுதலாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருந்தால், கலப்பு உங்கள் வீட்டுக்குள்தான் நடக்கிறது. ஆய்வகத்தில் கொடுக்கும்முன், ஈயத்தையும் சோதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; வழக்கமான சோதனையில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.