விசா முடிந்திருந்தாலும் வழி இருக்கிறது

கேள்வி: ஹூஸ்டன் அருகே வசிக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம், வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஊரிலிருந்து ஒரு அக்காவை விசிட்டர் விசாவில் அழைத்து வந்தது. விசா நேர்காணலில் ‘சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லச் சொன்னார்களாம். சில மாதம் ஊருக்குச் சம்பளம் அனுப்பினார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்கள் பீரோவில். விடிகாலையில் தொடங்கினால் இரவு பதினொன்று வரை வேலை. வெளியே போனால் இமிகிரேஷனில் பிடித்துக்கொடுப்போம், நகையைத் திருடினாய் என்று போலீசில் சொல்வோம் என்று மிரட்டல். போன வாரம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். விசா முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவரும் 20 வயது மகளும் 14 வயது மகனும் ஊரில். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ‘டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடும்மா, போய்விடுகிறேன்’ என்று அழுகிறார். நாமும் மாட்டிக்கொள்வோம் என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றாலும், குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் பேசிய பிறகு எடுங்கள். அந்த அக்கா இன்று விமானம் ஏறினால், கையில் இருக்கும் ஒரு பெரிய உரிமையைத் தெரியாமலே விட்டுவிட்டுப் போவார்.

2000-இல் அமெரிக்காவில் ஆள் கடத்தலால் பாதிக்கப்பட்டவர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. ‘டி’ விசா அதில் உருவானதுதான். ஆண்டுக்கு 5,000 பேர் வரை தரலாம். குடும்பத்தினர் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். யாரையும் எல்லை தாண்டிக் கடத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. முறையான விசாவில் வந்தவரும் இதில் அடங்குவார். பலவந்தம், ஏமாற்று, மிரட்டல் இவற்றில் ஒன்றைக் கொண்டு ஒருவரைக் கட்டாயமாக வேலை வாங்கியிருந்தால் போதும். ‘பிடித்துக்கொடுப்போம்’ என்று சட்டத்தையே காட்டி மிரட்டுவதும் கட்டாய உழைப்புக்கான வழிகளில் ஒன்று என்று அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இப்படி வேலை வாங்குவதற்காகப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது தனிக் குற்றம். அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் போனில் இருந்தால் ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

உங்கள் டெக்சாஸ் மாநிலத்திலும் நடந்த கதை ஒன்று உண்டு. 2005-இல் அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனா புயலுக்குப் பிறகு சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் முறையான தற்காலிக வேலை விசாவில் அழைத்துப் போனது. கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஏஜென்டுகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டியவர்கள். மிசிசிப்பியிலும் டெக்சாஸின் ஆரஞ்சு நகரிலும் முகாம்களில் ஒரே அறையில் 24 பேர் வரை அடைபட்டுக் கிடந்தார்கள். அதற்கு மாதம் 1,050 டாலர் என்று சம்பளத்திலிருந்து பிடித்தம் வேறு. 2008-இல் பலர் வேலையை விட்டு வெளியேறி வாஷிங்டன் வரை போய்ப் போராடினார்கள். அவர்களில் பலருக்கு டி விசா கிடைத்தது. 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் நடுவர் குழு (ஜூரி) ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

சரி, அக்கா எதையெல்லாம் காட்ட வேண்டும்? தான் கடத்தலுக்கு உள்ளானவர் என்பதும், அதன் காரணமாகவே இப்போது அமெரிக்க மண்ணில் இருக்கிறார் என்பதும் முதலில். ஊருக்குப் போய்விட்டால் இந்த இரண்டாவது நிபந்தனை பெரும்பாலும் உடைந்துபோகும். டிக்கெட் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். அடுத்து, விசாரணை அதிகாரிகள் நியாயமாகக் கேட்கும் உதவியைச் செய்திருக்க வேண்டும். கொடுமை நடந்தபோது 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கும், பட்ட அதிர்ச்சியால் பேச முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. போலீஸ் கையெழுத்திட்ட சான்று இருந்தால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. கடைசி நிபந்தனைதான் கடினமானது: திருப்பி அனுப்பினால் அசாதாரணமான, கடுமையான பாதிப்பு நேரும் என்று காட்ட வேண்டும். வறுமை மட்டும் போதாது. ஊரில் குடும்பத்துக்கு மிரட்டல் வருகிறதா, அந்த வீட்டாருக்கு அங்கே செல்வாக்கு உண்டா, அக்காவின் உடலும் மனமும் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே எடை போடும்.

மனுவுக்கு ஐ-914 என்ற படிவம். கட்டணம் கிடையாது. விசா முடிந்த பிறகும் தங்கியதற்கும், நேர்காணலில் சொன்ன பொய்க்கும் விலக்கு கேட்க ஐ-192 படிவம் இருக்கிறது. மனுவின் உயிர், அக்கா தன் சொந்த வாயால் சொல்லும் வாக்குமூலம். அதை அவர் தமிழிலேயே சொல்லட்டும். பிறகு முறையாக மொழிபெயர்க்கலாம். நீங்களே திருத்தி அழகுபடுத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தேதி ஒன்று முன்பின்னாகப் போனாலும் கேள்வி அவரிடம்தான் வரும்.

விசா கிடைத்தால் நான்கு ஆண்டு தங்கலாம், வேலை செய்யலாம். மூன்று ஆண்டுக்குப் பிறகு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். மனு முடிவாகக் காலம் பிடிக்கும். ஆனால் ஆகஸ்ட் 2024 முதல் அமலான விதிப்படி, முதல் கட்டப் பரிசீலனையில் மனு உண்மையானது என்று தெரிந்தால் இடைக்கால வேலை அனுமதி கேட்க இடமுண்டு. குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசா என்று இன்னொன்றைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதற்குப் போலீஸ் சான்று கட்டாயம், வரிசையும் பல ஆண்டு நீளம். எது பொருந்தும் என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும்.

இப்போது மகள் விஷயம். இதைத்தான் அக்காவிடம் இன்றே சொல்ல வேண்டும். கணவரையும், திருமணமாகாத, 21 வயது நிறையாத பிள்ளைகளையும் அவர் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம். அக்கா மனுப் போடும் நாளில் மகளுக்கு 21 ஆகாமல் இருந்தால் போதும், பிறகு வயது ஏறினாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மகள் அமெரிக்கா வந்து சேரும் வரை திருமணம் ஆகாதவராகவே இருக்க வேண்டும். பெற்ற தாய் கஷ்டத்தில் இருக்கிறாள், பெண்ணையாவது சீக்கிரம் கட்டிக்கொடுத்துவிடுவோம் என்று ஊரில் நினைப்பது புரிகிறது. ஆனால் நிச்சயம் பேசும் முன் அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லி, என்ன நினைக்கிறாள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

மிரட்டலைப் பற்றி: டி விசா கேட்பவரின் விவரங்களை இமிகிரேஷன் துறை ரகசியமாக வைக்க வேண்டும். கொடுமை செய்தவர்கள் தரும் தகவலை மட்டும் வைத்து அவருக்கு எதிராக முடிவெடுக்கவும் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆபத்தே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. மனு தள்ளுபடியானால் நாடுகடத்தல் வழக்கு வர வாய்ப்புண்டு. அரைகுறை மனுவை அவசரமாகப் போடக் கூடாது என்பது அதனால்தான். ‘ஃபார்ம் நிரப்பித் தருகிறேன்’ என்று வரும் கன்சல்டன்ட்டுகள் பக்கம் போகாதீர்கள். வக்கீல், அல்லது அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதி, இவர்களைத் தவிர வேறு யாரும் வேண்டாம். கூடவே இன்னொரு கூட்டமும் வரும்: ‘நம்ம ஆளுங்கதானே, கொஞ்சம் பணம் வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம்.’ அந்தப் பஞ்சாயத்துக்கு உட்காரவே உட்காராதீர்கள். வராத சம்பளத்துக்கும் இழப்பீட்டுக்கும் சிவில் வழக்குப் போடப் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது.

உங்கள் கணவரின் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆவணமில்லாதவரை ஒளித்துவைப்பது அங்கே குற்றமாகலாம். ஆகவே ரகசியமாக வைத்திருக்காமல் சீக்கிரமே சட்ட உதவியிடம் கொண்டுசேருங்கள். உங்கள் நிலைமையையும் அதே வக்கீலிடம் கேளுங்கள். 1-888-373-7888 என்பது ஆள் கடத்தலுக்கான தேசிய உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம். ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் பகுதியில் இலவசமாக வழக்கு எடுக்கும் அமைப்புகளைச் சொல்வார்கள். போனில் அக்காவையே பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.