அவரும் அடித்தாராம்

கேள்வி: என் கணவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை செய்கிறார். அதிர்ந்து பேசாதவர். போன வாரம் செல்போன் திருடியதாகச் சொல்லி ஒரு பையனை எங்கள் தெருவில் மின்கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். இவரும் அடித்தாராம். வீங்கிய விரல் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டே, "எல்லாரும்தான் அடித்தார்கள்" என்கிறார். மனிதன் பிறவியிலேயே கொடியவனா? இவரோடு எப்படி வாழ்வது?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைப் படித்துப் பாருங்கள். கோவலனைப் பார்த்ததும் காவலர்கள் தயங்குகிறார்கள். கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, திருடர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். உடனே இளைஞன் ஒருவன், எப்போதோ தன்னிடமிருந்து தப்பிய திருடன் கதையை எடுக்கிறான். அதற்கும் கோவலனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கதை முடிந்ததும் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் இரண்டாவது முறை வாய் திறக்கவில்லை.

உங்கள் தெருவிலும், "போன மாதம் என் வண்டியும் போனது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த வண்டிக்கும் சேர்த்துத்தான் பையனுக்கு அடி விழுந்திருக்கும்.

மனிதன் நல்லவனாகப் பிறக்கிறான் என்றார் சீனத் தத்துவஞானி மென்சியஸ். இல்லவே இல்லை என்றார் பின்னால் வந்த சுன்சி. இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் வழக்கு முடியவில்லை, அதை விடுங்கள். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைதான் உங்களுக்கு உதவும். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். தயங்கினால், தொடரச் சொல்லி சோதனை நடத்துபவர் கட்டளையிடுவார். அதிர்ச்சி பொய், பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. சாதாரண மனிதர்கள் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இன்னொரு சோதனையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் நடுவில் "முடியாது" என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். தெருவில் கட்டளையிட அதிகாரி யாரும் இல்லையே என்பீர்கள். சுற்றி நிற்கும் கூட்டம் போதாதா?

ஆகவே உங்கள் கணவர் அரக்கர் அல்லர். அதற்காக அவர் செய்ததைச் சும்மா விட்டுவிடவும் சொல்லமாட்டேன். முட்டி வீங்கும்படி ஓங்கியது கூட்டத்தின் கை அல்ல. "நீங்கள் கொடியவரா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். கை ஓங்குவதற்கு முன் யார் என்ன சொன்னார்கள், ஒரு நொடியாவது தயங்கினாரா என்று கேளுங்கள். தயங்கினேன் என்றால், அதை ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று விடாமல் கேளுங்கள். உங்கள் மீதோ பிள்ளைகள் மீதோ அந்தக் கை எப்போதாவது ஓங்கியிருந்தால் என் பதிலே வேறு. அப்போது பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள்.

இன்னொன்று. கடிதம் முழுக்கக் கணவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட பையன் பிழைத்தானா, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. விசாரியுங்கள். போய்ப் பார்க்கும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.