கேம் மட்டுமே ஆடும் 13 வயதுத் தம்பிக்குக் கம்ப்யூட்டர் அடிப்படைகளையும் பேக்கப்பையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். அவன் ஆடும் கேமின் சேவ் ஃபைல் (அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்கும் ஃபைல்) எங்கே இருக்கிறது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். நான் கற்றது அப்படித்தான்.

பள்ளியில் ரேம் (RAM), ரோம் (ROM) என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்தோம். வீட்டில் ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். யு.பி.எஸ். கிடையாது. கடைசியாக சேவ் செய்ததற்குப் பிறகு ஆடிய மிஷன் எல்லாம் காலி. ஆடிக்கொண்டிருப்பது கரண்ட் போனால் அழிந்துவிடும் ரேமில் இருக்கிறது, சேவ் கொடுத்தால்தான் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படுகிறது என்பது எந்த டீச்சரும் சொல்லாமலே விளங்கியது.

அடுத்த பாடம் கொஞ்சம் வலித்தது. வைரஸ் என்று சர்வீஸ் செய்ய வந்த அண்ணன், "கேமெல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு? சி-யை மட்டும் ஃபார்மட் பண்றேன், ஒண்ணும் போகாது" என்றார். கேம் போகவில்லைதான். சேவ் போய்விட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் வைஸ் சிட்டியின் சேவ்கள் மை டாக்குமெண்ட்ஸுக்குள் தனி ஃபோல்டரில் விழும். மை டாக்குமெண்ட்ஸ் இருப்பது சி டிரைவில். புரோகிராம் ஓரிடம், அது உண்டாக்கும் டேட்டா வேறிடம். இந்த வேறுபாடு தெரியாத பெரியவர்கள் இன்றும் ஏராளம். கேமை சிடியிலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏற்றலாம், நாம் ஆடியதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒரு சேவ் ஃபைல் சுமார் 200 கேபிதான். ஃப்ளாப்பியிலேயே பல அடங்கியிருக்கும்!

உங்கள் தம்பி மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு ஆடுகிறான் என்றால் இன்னும் வசதி. விண்டோஸில் அதன் உலகங்கள் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும் மைன்கிராஃப்ட் ஃபோல்டரில், சேவ்ஸ் என்ற பெயரில் கிடக்கும். அதைத் தேடும்போதே மறைந்த ஃபோல்டரைக் காட்டுவது, பாத் (ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி) என்றால் என்ன, ஃபைல் எக்ஸ்டென்ஷனை (பெயரின் கடைசியில் வரும் வகைக்குறி) எப்படிப் பார்ப்பது எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு உலகமும் ஒரு ஃபோல்டர். அதற்குள் லெவல்.டேட் (level.dat) என்ற ஃபைலும், பக்கத்திலேயே ஓல்டு என்று முடியும் அதன் பழைய பிரதியும் இருக்கும். கேமே தனக்கு ஒரு பேக்கப் வைத்துக்கொள்கிறது, அதைக் காட்டுங்கள். ஆனால் இரண்டும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் போனால்? இந்தக் கேள்வியை அவன் வாயிலிருந்தே வரவையுங்கள்.

அப்புறம் அந்த ஃபோல்டரைக் காப்பி செய்து பென் டிரைவில் போடட்டும், கேமை மூடிவிட்டு. ஆடிக்கொண்டே காப்பி செய்தால் பாதி எழுதிய ஃபைல் வந்து சேரலாம். கேமுக்குள்ளேயே பேக்கப் எடுக்கும் பொத்தானும் உண்டு. ஆனால் முதலில் கையால் செய்வதே நல்லது.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். சும்மா ஒரு புது உலகம் உருவாக்கி, பேக்கப் எடுத்து, அசலை அவன் கையாலேயே டெலீட் செய்யச் சொல்லுங்கள். பிறகு பென் டிரைவிலிருந்து திரும்பக் கொண்டுவரட்டும். உலகம் திறந்தால்தான் அது பேக்கப். திறக்காவிட்டால் எங்கே தப்பு என்று தேட ஆரம்பிப்பான், அந்தத் தேடலில் நாம் சொல்லிக்கொடுப்பதைவிட அதிகம் கற்பான்.

"ஸ்டீம் கிளவுட்ல இருக்கே" என்று சொன்னால், கேம் விற்கும் ஸ்டீம் தளம் இணையத்தில் வைத்துக்கொள்ளும் அந்தப் பிரதி வெறும் ஒத்திசைவு, அதாவது இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது என்று விளக்குங்கள். கெட்டுப்போன சேவ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டால், கிளவுட்டில் இருப்பதும் அதையே பின்பற்றலாம். எல்லா கேமுக்கும் அந்த வசதி இருப்பதும் இல்லை.

பென் டிரைவ் வாங்கும்போது ஒரு விஷயம். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டத்தில் (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை) வரும். தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் ஏறாது. முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "இடம் இருக்கு, ஏன் ஏறல?" என்று என்றைக்காவது அவனே வந்து கேட்பான், ஃபைல் சிஸ்டம் பாடத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.