4 பரிமாணம் 2 ஆனால் மீதி எங்கே?

'நுண்ணளவில் காலவெளியின் (வெளியின் 3 திசைகளும் காலமும் சேர்ந்தது) பரிமாணம் 4இலிருந்து 2 ஆகிறதாம், அப்படியானால் மீதித் திசைகள் எங்கே?' என்று கேட்டிருந்தீர்கள். எங்கேயும் போகவில்லை.

2005இல் ஆம்பியோர்ன், யுர்கேவிச், லோல் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் கணினியில் சின்னத் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய காலவெளியில் அளந்தது திசைகளின் எண்ணிக்கை அல்ல, நிறமாலைப் பரிமாணம். போதையில் தள்ளாடுபவன் மாதிரி ஒரு துகளை இஷ்டத்துக்கு நடக்க விடுங்கள். படிகள் கூடக்கூட, கிளம்பிய இடத்துக்கே அது திரும்பும் வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது? அந்த வேகம்தான் பரிமாணத்தைச் சொல்கிறது. நீண்ட நடைக்கு ஏறத்தாழ 4, மிகக் குறுகிய நடைக்கு 2க்கு அருகே.

சந்தேகமிருந்தால் இயற்பியலாளர் ஹொராவாவின் 2009 ஈர்ப்புக் கொள்கையைப் பாருங்கள். அதில் வெளிக்கு எப்போதும் 3 திசைதான். ஆனாலும் நுண்ணளவில் நிறமாலைப் பரிமாணம் 1 + 3/3, அதாவது 2. இதில் 1 காலத்துக்கு, மேலுள்ள 3 வெளியின் திசைகளுக்கு. வெளியும் காலமும் அங்கே வேறுவேறு விகிதத்தில் அளவு மாறுவதே காரணம்: வெளி 2 மடங்கானால் காலம் 2³ மடங்கு; அந்த அடுக்குதான் கீழுள்ள 3. 'பரிமாணம் மறைகிறது' என்று தலைப்புப் போடுகிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்!