படத்தின் தெளிவு கெடாமல் கோப்பின் அளவைக் குறைப்பது எப்படி?

கேமராவில் எடுத்த படங்களைச் சேமிக்கும்போது, எவ்வளவு சுருக்கலாம் என்று மென்பொருள் கேட்கும் தர எண்ணை 40 வரை இறக்கியதாகவும், கோப்பு சிறிதானாலும் முகங்களில் கட்டங்கட்டமாகத் திட்டுகள் விழுந்துவிட்டதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். தர எண்ணில் கை வைப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முந்தைய இரண்டு வேலைகளைச் சரியாகச் செய்துவிட்டால், அந்த எண்ணை 75-க்குக் கீழே கொண்டுபோக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

முதலில் படத்தின் நீள அகலத்தைப் பாருங்கள். 4000-க்கு 3000 பிக்சல் (படத்தை உருவாக்கும் நிறப்புள்ளி) உள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. திரையில் பார்ப்பதற்கு 1600-க்கு 1200 போதும் என்றால், பிக்சல்களின் எண்ணிக்கை 19 லட்சத்து 20 ஆயிரமாக, அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்துவிடும். இப்படிச் சிறிதாக்கும்போது அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றாகக் கலப்பதால், மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் தெரியும் மணல்மணலான இரைச்சலும் அடங்கும். இரைச்சல் அடங்கிய படம் மேலும் நன்றாகச் சுருங்கும். சிறிதாக்கிய பிறகு விளிம்புகள் சற்று மழுங்கித் தெரிந்தால், மிக இலேசாகக் கூர்மை கூட்டினால் போதும். அதிகம் கூட்டினால் கோப்பு மறுபடியும் பெருக்கும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்பதை 72 என்று மாற்றினால் கோப்பு குறையும் எனப் பலர் நம்புகிறார்கள். அந்த எண் அச்சிடும் அளவுக்கான குறிப்பு மட்டுமே. பிக்சல்களின் எண்ணிக்கை மாறாத வரை கோப்பும் மாறாது.

அடுத்தது கோப்பு வகை. உங்கள் படத்தில் கட்டங்கள் ஏன் தோன்றின என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. 1992-இல் தரப்படுத்தப்பட்ட, கேமராக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் (JPEG) என்ற கோப்பு வகை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயலையும் சட்டென்று மாறும் நுணுக்கங்களையும் தனித்தனியே கணக்கிட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறது. தர எண்ணைக் குறைக்கக் குறைக்க இந்தத் தோராயம் முரடாகி, பக்கத்துக் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் எல்லைக்கோடு தெரியத் தொடங்குகிறது. மேலும், நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கவனிக்கும் அளவுக்கு நிற வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பதால், நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கியே பெரும்பாலான ஜேபெக் படங்கள் சேமிக்கப்படுகின்றன. புகைப்படத்தில் இது தெரியாது. ஆனால் கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் இருந்தால் அவற்றின் ஓரம் கசிந்ததுபோல் தெரியும்.

ஆகவே எழுத்து, கோட்டுப்படம், ஸ்கிரீன்ஷாட் போன்றவற்றை ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். அவற்றுக்கு பிஎன்ஜி (PNG) என்ற கோப்பு வகை ஏற்றது. அது எதையும் இழக்காமல் சுருக்கும். அதிலும் நிறங்களின் எண்ணிக்கையை 256-க்குள் அடக்கினால், பிக்சல் ஒன்றுக்கு 24 பிட் தேவைப்பட்ட இடத்தில் 8 பிட் போதும். புகைப்படத்துக்கு ஜேபெக் போதும். பார்ப்பவர்களின் கருவிகள் ஏற்குமானால் வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) என்ற புதிய கோப்பு வகைகள், அதே தெளிவைப் பெரும்பாலும் இன்னும் சிறிய கோப்பில் தரும்.

இனி தர எண்ணுக்கு வரலாம். அது சதவீதம் அன்று. ஒரு மென்பொருளின் 80-உம் இன்னொன்றின் 80-உம் ஒரே தரமாக இருக்க வேண்டியதில்லை. 80-இல் தொடங்கி, மூலப்படத்தோடு முழு அளவில் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உலாவியிலேயே இயங்கும் ஸ்கூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி, நடுவே ஒரு கோட்டை வைத்து இரண்டு பக்கமும் ஒப்பிட உதவுகிறது. வானம், கன்னத்தின் நிழல், வெளிச்சத்துக்கு எதிரே தெரியும் தலைமுடி ஆகிய இடங்களில்தான் குறை முதலில் வெளிப்படும். 100-இல் சேமிப்பதால் கண்ணுக்குக் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. கோப்பு மட்டும் வெகுவாகப் பெருக்கும்.

எடுத்த நேரம், கேமராவின் பெயர் போன்று படத்தோடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் (EXIF) தகவல்களை நீக்கினால் சிறிது இடம் மிச்சமாகும். படம் எடுத்த இடத்தின் விவரமும் போய்விடும் என்பதால் நான் எப்போதும் நீக்குகிறேன். ஆனால் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில்தான் இருப்பதால், முதலில் படத்தை நிமிர்த்திச் சேமித்துவிட்டுப் பிறகு நீக்குவதே பாதுகாப்பானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூலக்கோப்பைத் தொடாதீர்கள். வீட்டிலிருந்த பழைய புகைப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து, வெளிச்சம் திருத்தி, பிறகு வெட்டி, பிறகு சிறிதாக்கி, ஒவ்வொரு முறையும் அதே ஜேபெக் கோப்பின் மீதே சேமித்தேன். ஒவ்வொரு சேமிப்பும் முந்தைய இழப்பின் மேல் புதிய இழப்பைச் சேர்த்ததில், அந்த முகத்தின் நுண்வரிகள் அழிந்தே போயின. அன்றிலிருந்து மூலத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்தே புதிய நகல் எடுக்கிறேன்.

200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டாய வரம்பு இருந்தால், தர எண்ணை 75-க்கும் 80-க்கும் இடையில் நிறுத்தி வைத்துவிட்டு, அகலத்தை 1600-இலிருந்து 1400, 1200 என்று படிப்படியாகக் குறைத்து வாருங்கள். திட்டுகள் விழுந்த பெரிய படத்தைவிட, தெளிவான சிறிய படத்தையே கண் விரும்பும்.