அந்தமானில் தெரிந்தவர் இருக்கிறார், பேக்கேஜ் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தம்பியின் நண்பர் போர்ட் பிளேரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறார். "ஏஜென்டுக்குக் காசைக் கொட்டாதீங்க அக்கா, நானே எல்லாத் தீவையும் சுத்திக் காட்டுறேன், தெரிஞ்ச மீனவர் படகு இருக்கு" என்கிறார். அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஜனவரியில் போகிறோம். பர்மிட் சிக்கல் ஏதும் வருமா? அவரை நம்பிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். பேக்கேஜ் தேவையே இல்லை. அந்த மீனவர் படகை மட்டும் மறந்துவிடுங்கள்.

முதலில் பர்மிட். இந்தியக் குடிமக்கள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், ரங்கத், டிக்லிபூர் போன்ற இடங்களுக்குப் போக எந்த நுழைவு அனுமதியும் வாங்க வேண்டியதில்லை. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அசல் அடையாள அட்டையும் நாலைந்து நகலும் கையில் இருந்தால் போதும். உங்களிடம் யாராவது "தீவு நுழைவு பர்மிட்" என்று தனியாக ஒரு தொகை போட்டால் அந்த ஆளிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம், இதில் பொய் சொல்பவர் மற்றதிலும் சொல்வார். அப்புறம் பெயர்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் ஒன்று இருக்கும், ஆட்டோக்காரர் வேறொன்று சொல்வார், இடம் ஒன்றுதான். நிக்கோபார் பக்கம் இந்தப் பயணத்தில் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது படகு. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், மீனவரும் கடலில் பிறந்து வளர்ந்தவராகவே இருக்கட்டும். அது மீன் பிடிக்கிற படகு, ஆட்களை ஏற்றுவதற்கு அதற்கு உரிமம் கிடையாது. உங்கள் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அதுவும் பிள்ளைகளுக்குப் பொருந்துகிற அளவில்! உரிமம் இருந்த படகிலேயே என்ன நடந்தது என்று நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் நடுவில் ஒரு சுற்றுலாப் படகு, அனுமதித்த எண்ணிக்கையைவிட மிக அதிகமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 21 பேர், அவர்களில் பெரும்பாலானோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். புயலும் இல்லை, நடுக்கடலும் இல்லை, ஊருக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அதனால் நார்த் பே போனாலும் சரி, ராஸ் போனாலும் சரி, ஏறுவதற்கு முன் படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்கைப் பாருங்கள், ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்கிய பிறகுதான் படகு நகரவே வேண்டும். "அஞ்சு நிமிஷம்தான் அக்கா, எதுக்கு அது" என்று சொல்கிற படகில் ஏறாதீர்கள், கொடுத்த காசு போனால் போகட்டும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தெரிந்தவர் உங்கள் மேல் உள்ள அன்பினால் போகத் தடையுள்ள இடத்துக்குக் கூட்டிப் போனால் மாட்டிக்கொள்வது அவரும்தான். 2018-இல், பழங்குடியினர் வாழ்கிற, வெளியாட்கள் போகக் கூடாத நார்த் சென்டினல் தீவுக்கு ஓர் அமெரிக்கர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்துப் போய் அங்கேயே உயிரை விட்டார். அவரைக் கொண்டுபோய் விட்ட மீனவர்களையும் ஏற்பாடு செய்துகொடுத்த உள்ளூர் நண்பரையும் போலீஸ் கைது செய்தது. நீங்கள் அந்த அளவுக்குப் போக மாட்டீர்கள், தெரியும். ஆனால் ஜாலி பாய் தீவு மாதிரியான இடமும் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, அதற்கு வனத்துறை அனுமதி வாங்கி, அவர்கள் அனுமதித்த படகில் வண்டூரிலிருந்து போக வேண்டும். "பின்பக்கமா இறக்கி விடுறேன்" என்பதெல்லாம் கூடாது.

பர்மிட் வேண்டாம் என்று சொன்னேனே, அதில் இன்னொரு இடத்தையும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியாக வேண்டும். பாராடங் தீவு. சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை என்று படம் காட்டி எல்லா ஏஜென்டும் இதை விற்பார்கள். போகிற சாலை ஜராவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் ஓடுகிறது. ஜிர்காடங் சோதனைச் சாவடியில் படிவம் நிரப்பி, அடையாள அட்டை நகல் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்தில் கிளம்பும் கான்வாயில், அதாவது காவலோடு போகும் வண்டி வரிசையில், சேர்ந்துதான் வண்டி போக முடியும். அந்த நேரத்தைப் பிடிக்க நடுச்சாமத்தில் எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும். வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. பழங்குடியினரைப் பாதுகாக்க 1956-இலேயே வந்த ஒழுங்குமுறையை 2012-இல் இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள், மீறினால் ஜெயில். இவ்வளவு இருந்தும் "வழியில ஜராவாவைப் பார்க்கலாம்" என்று காதோடு காதாகச் சொல்லி ஆள் பிடிக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். மனிதர்களைக் காட்டிக் காசு பார்ப்பவரிடம் ஒரு ரூபாய் கொடுப்பதுகூடப் பாவம். காப்பகத்துக்குள் ஓடும் இந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கான்வாய் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நிர்வாகத்துக்கே இல்லாத அக்கறையைப் பயணியிடம் எதிர்பார்க்கிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பாராடங் போகாதீர்கள் என்பதே என் யோசனை. அந்த ஒரு நாளை நீல் தீவில் கூடுதலாக இருந்து கழியுங்கள்.

அப்படியானால் நண்பர் எதற்கு? நிறையவே இருக்கிறது. எந்தக் கடற்கரையில் இறங்கிக் குளிக்கலாம் என்பதை இணையத்தில் படிப்பதைவிட அவரிடம் கேளுங்கள், ஏனென்றால் அந்தமான் கடலில் உவர்நீர் முதலை உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கில், எல்லோரும் போகிற ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றிருக்கிறது. உள்ளூர்க்காரர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் காரணம்கூடக் கேட்காமல் கரையேறிவிட வேண்டும். நீல் தீவின் பாறைப் பாலத்தைப் பார்க்க நீர் வற்றும் நேரத்தில் போக வேண்டும், அந்த நேரம் தினமும் மாறும், அதை அவர் விசாரித்துச் சொல்வார். அங்கே ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், விடிவதும் சீக்கிரம். நம் ஊர்க் கணக்கில் பத்து மணிக்குக் கிளம்பினால் பாதி நாள் போச்சு. வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், நம்மவர்கள் என்று பல வகை மக்கள் வாழ்கிற ஊர். உங்கள் நண்பர் மூலமாக நாலு வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசக் கிடைத்தால் அதை எந்தப் பேக்கேஜும் தராது. அவர் வேலையை விட்டுவிட்டு உங்களோடு அலைந்தால் கூச்சப்படாமல் அன்றைய கூலியைக் கொடுங்கள். வேண்டாம் என்பார், பெட்ரோலுக்காவது கொடுங்கள். பிள்ளைகளுக்கு யாராவது ஆசையாகப் பவளத் துண்டு கொடுத்தால் மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், விமான நிலையச் சோதனையில் சிக்கல் ஆகும்.

கடைசியாகக் கப்பல் டிக்கெட். அரசுக் கப்பலில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, கட்டணமும் குறைவு. அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிற வண்டி அது, நியாயம்தான். ஆனால் பயணிகளுக்கான முன்பதிவு சில நாட்களுக்கு முன்னால்தான் திறக்கும், திறந்ததும் தீர்ந்துவிடும், கப்பல் ரத்தானால் யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. இத்தனை லட்சம் பேர் வந்து போகிற இடத்தில் இதைக்கூட ஒழுங்காகச் செய்யக் கூடாதா? இந்த ஓட்டைக்குள்தான் தரகர் நுழைகிறார். "தீவுக்காரர் ரேட்ல எடுத்துத் தரேன்" என்று யார் சொன்னாலும், உங்கள் நண்பரே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அந்தக் கட்டணத்துக்குத் தீவுவாசி அட்டை வேண்டும், துறைமுக வாசலில் அம்மாவோடு நிற்க வேண்டிவரும். காசு கூடினாலும் பரவாயில்லை, ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் தனியார் கப்பலில் இப்போதே உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கடல் சரியில்லை என்றால் எந்தக் கப்பலும் நின்றுவிடும், அதனால் திரும்புகிற விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேர் வந்து சேரும்படி திட்டம் போடுங்கள். அன்று சாயங்காலம் செல்லுலார் ஜெயிலையும் பார்த்துவிடலாம், உள்ளே ஒலி ஒளிக் காட்சிக்கு நண்பரிடமே டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.