10-18ஆ, 11-16ஆ? கேனான் க்ராப் சென்சாருக்கு எந்த அல்ட்ரா வைட் ஜூம்?

கையில் இருப்பது கேனான் க்ராப் சென்சார் (படம் பதியும் சில்லு சற்றுச் சிறியது) கேமராவும், அதோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும். வீட்டு உட்புறம், கோயில், மலைக்காட்சி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியானால் அல்ட்ரா வைட் ஜூம், அதாவது மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ் வேண்டும்; அதற்குக் கேனான் 10-18 போதும்.

18-க்கும் 10-க்கும் வெறும் 8 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் 18-இல் சுமார் 74 டிகிரி பார்க்கும் கேமரா, 10-இல் 107 டிகிரி பார்க்கும். சின்ன அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றும் கட்டில் பாதிதான் விழுகிறது என்ற தொல்லை அத்தோடு தீரும்.

இன்னொரு கம்பெனியின் லென்ஸான டோக்கினா 11-16 எல்லா ஜூமிலும் எஃப் 2.8 (எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). 10-18 தொடங்குவதே எஃப் 4.5-இல், அதாவது டோக்கினாவில் இரண்டரை மடங்கு வெளிச்சம். நட்சத்திரங்களை எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு டோக்கினா வாங்கலாம். அசையாத மண்டபத்துக்கு அது தேவையில்லை. 10-18-இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது, எடையும் 240 கிராம்தான். கேமராவில் மாட்டும் மவுண்ட் பிளாஸ்டிக் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என்னுடையது இன்னும் உடையவில்லை.

அப்புறம் ஒன்று. வாங்கிய புதிதில் ஒரு கல்யாணத்தில் 10-இல் குரூப் போட்டோ எடுத்தேன். ஓரத்தில் நின்ற அத்தை முகம் பூசணிக்காயாய் இழுபட்டுவிட்டது, இன்றும் சொல்லிக்காட்டுகிறார். ஆட்களை நடுவில் நிறுத்துங்கள். கோபுரத்துக்காகக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் அது பின்னால் சாயும். தள்ளி நின்று நேராகப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள்.